பிளந்த பாறையும் தடுப்பு வேலியும்

 

அல்லாஹு தஆலா தனது திருமறையில் எத்தனையோ படைப்புகளின் மீது ஆணையிட்டுப் பேசுகிறான். சூரியன் மீது, சந்திரன் மீது, வைகறை மீது, அத்தியின் மீது, ஜைத்தூனின் மீது என்று அவை விரிந்து செல்லும். ‘அத்தாரிக்’ என்னும் 86-வது அத்தியாயத்தின் 11-வது வசனத்தில் மழையைத் திரும்பத் திரும்பத் தரும் வானத்தின் மீது ஆணையிட்டவன், அடுத்த வசனத்திலேயே பிளவுறும் பூமியின் மீது ஆணையிடுகிறான். சிறிய அத்தியாயம்தான். நம் வீட்டுப் பெண்மணிகளில் பலர் அதை மனப்பாடமாக ஓதுவார்கள். ஆனால் ‘ஸத்உ’ என்னும் அந்தச் சொல் வந்ததும், பூமியின் பிளவில் ஆணையிட்டுச் சொல்லும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று நின்று யோசித்தவர் நம்மில் எத்தனை பேர்?

பழைய தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதற்குக் கூறும் முதல் விளக்கம், பயிரும் புல்லும் வெளிவருவதற்காகப் பூமி பிளந்து கொடுக்கிறது என்பதே. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைத் தொட்டும் இவ்வாறே அறிவிக்கப்படுகிறது. ‘அபஸ’ அத்தியாயத்தில் பூமியைப் பிளந்ததாகச் சொன்ன உடனேயே தானியத்தையும் திராட்சையையும் அல்லாஹ் கூறுவது இதற்குத் துணையாக நிற்கிறது. இக்காலத்தில் சிலர் கடலடியிலுள்ள பெரும் பிளவுகளைக் கண்டு, இந்த வசனம் அவற்றைத்தான் சொல்கிறது என்று அடித்துப் பேசுகின்றனர். அவ்வளவு அவசரம் எதற்கு? இறைவாக்கின் சொல் விசாலமானது. அதன் நிழலில் அவையும் அடங்கலாம். ஆனால் இன்று ஒரு நூலிலும் நாளை வேறொரு நூலிலும் மாறக்கூடிய மனித விளக்கத்தோடு திருமறையை முடிச்சுப் போட்டு வைப்பது நம் முன்னோர்களான ஆலிம்களின் வழக்கமன்று.

நம் செட்டிநாட்டுப் பகுதியோ சமவெளி. செம்மண்ணும் செம்பூரான் கல்லும் ஊருணியும் கண்மாயுமாகப் பரந்து கிடக்கும் பூமி. இங்கே பூமி பிளந்ததைப் பார்க்க வேண்டுமானால் சித்திரை, வைகாசியில் வற்றிப்போன கண்மாய்க்குள் இறங்க வேண்டும். வெடித்த கரம்பையில் சிறுவனின் கை நுழையும், அவ்வளவுதான். ஆகவே சென்ற கோடை விடுமுறையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த சில குடும்பத்தார் ஒரு பேருந்தை அமர்த்திக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, “ஹஜ்ரத், நீங்களும் வாங்க” என்று அழைத்தபோது நாம் மறுக்கவில்லை. பூமியில் சுற்றிப் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்கும்படி ‘அன்கபூத்’ அத்தியாயத்தின் 20-வது வசனம் ஏவுகிறது. வீட்டிலேயே இருந்துகொண்டு நிறைவேற்ற முடியாத ஏவல் அது.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இஷாவுக்குப் பின் புறப்பட்டு, பஜ்ரை அடிவாரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு மலை ஏறினோம். மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது தங்கள் வழக்கமாக இருந்ததென ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னதுதான் தாமதம், ஒவ்வொரு வளைவுக்கும் பேருந்து அதிர ‘அல்லாஹு அக்பர்’ முழங்கியது. ஓட்டுநர் மாற்று மதத்துச் சகோதரர். “சத்தமாவே சொல்லுங்க தம்பி, எனக்கும் தூக்கம் வராது” என்றார்.

நாம் காணச் சென்ற இடம் இன்று ‘குணா குகை’ என்று வழங்குகிறது. 1821-ல் பி. எஸ். வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி அதைக் கண்டு குறித்தார் என்பர். வெள்ளைக்காரர்கள் ‘சைத்தானின் சமையலறை’ என்று பெயரிட்டிருந்தனர். 1991-ல் வந்த ஒரு சினிமாவினால் இப்போதைய பெயர் நிலைத்துவிட்டது. சைத்தான் பெயரும் சினிமாப் பெயரும் போட்டியிட்டால் எது வெல்லும் என்பதை மக்கள் காட்டிவிட்டார்கள், போகட்டும்.

குகை என்று சொன்னாலும் உண்மையில் அது குகையன்று. ஓங்கி நிற்கும் பெரும் பாறைகளுக்கு இடையே மேலிருந்து கீழாக இறங்கும் பிளவுகளின் கூட்டம். வாசலிலிருந்து நடைபாதை மரங்களுக்கிடையே செல்கிறது. மண் அரித்துப் போனதால் மரங்களின் வேர்களெல்லாம் வெளியே தெரிய, பாம்புகள் பின்னிக் கிடப்பது போல் தரை முழுவதும் பரவியிருக்கின்றன. அவற்றின் மீது காலூன்றி நடந்தால், சற்றுத் தூரத்தில் பாறை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. உள்ளே இருள், அடி தெரிவதில்லை. வௌவால்கள் குடியிருக்கும் இடம். மூடுபனி வந்தால் பத்தடிக்கு முன் இருப்பதும் மறைந்துவிடும். பிளவின் வாயைச் செடியும் பாசியும் மூடியிருப்பதால் எது தரை, எது வெறுமை என்று கண்ணுக்குப் புலப்படாது. ஆபத்தெல்லாம் இதில்தான் இருக்கிறது. இதனாலேயே வனத்துறையினர் கம்பி வேலியிட்டு, தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்தியிருக்கின்றனர்.

எங்களுடன் வந்த வயதான தாயார் ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “பூமி வாயைத் தொறந்தாப்புல இருக்கே ஹஜ்ரத்து, காரூனை முழுங்கினது இந்த மாதிரிதானோ?” என்றார். காரூனையும் அவன் இல்லத்தையும் பூமி விழுங்கியது ‘கஸஸ்’ அத்தியாயத்தின் 81-வது வசனத்தில் வருகிறது. அதை நினைத்து அஞ்சியது அவருடைய ஈமானின் அழகு. ஆயினும், கண்ட பள்ளத்தையெல்லாம் தண்டனை இறங்கிய இடம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் அவரிடம் சொன்னோம். பாறைகளைப் பற்றி ‘பகரா’ அத்தியாயத்தின் 74-வது வசனம் வேறொரு பாடம் சொல்கிறது. கல்லிலும் நதி பொங்குவதுண்டு. பிளந்து நீர் சுரப்பதுண்டு. அல்லாஹ்வின் அச்சத்தால் உருண்டு விழுவதும் உண்டு என்று கூறி, கல்லைவிட இறுகிய உள்ளங்களை அல்லாஹ் அங்கே கண்டிக்கிறான். பிளவு அங்கே கல்லின் குற்றமாகப் பேசப்படவில்லை, பணிவாகப் பேசப்படுகிறது!

இந்தப் பாறை எப்படிப் பிளந்தது? பழனி மலைத்தொடரின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் வகை. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரத்துப் பாறையும் இதே இனம்தான். கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல் இவ்வகை என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். ஒரு மனிதர் மண்ணுக்குள் போன பின் அவர் பெயர் ஒரு மலைத்தொடருக்கே வந்து சேர்ந்த வேடிக்கை! பூமியின் வெகு ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. மேலே இருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போகப் போக, அமுக்கி வைத்திருந்த பாறை தளர்ந்து விரிந்து, நேர்க்கோடுகளாக வெடிப்பு விடுகிறது. அந்த வெடிப்பில் மழைநீர் இறங்குகிறது, கல்லை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. பிறகு ஒரு விதை விழுந்து வேர் இறங்குகிறது. மயிரிழையாக நுழைந்த வேர் பருத்துப் பாறையைத் தள்ளுகிறது. பயிருக்காகப் பிளந்து கொடுக்கும் பூமி என்று முன்னோர்கள் எழுதி வைத்த விளக்கத்தை, அந்த வேர்களின் மீது நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தோம். சுப்ஹானல்லாஹ்!

இதைவிடப் பெரிய பிளவுகளும் உலகில் உண்டு. ஐஸ்லாந்து நாட்டின் திங்வெல்லிர் என்னுமிடத்தில் பூமியின் மேலோடே இரு பக்கமும் விலகுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். அந்தப் பிளவுக்குள் பாதை அமைத்து, இருபுறமும் கற்சுவர் உயர, மக்கள் நடந்து செல்கின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் ஜித்தாவில் கண்ட செங்கடலே இத்தகைய பிளவுதான். அரபு நாட்டு நிலமும் ஆப்பிரிக்க நிலமும் விலகியதால் உண்டான பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது. இன்றும் விலகிக்கொண்டே இருக்கிறது. மக்காவின் கொடுமை தாளாமல் கி.பி. 615-ல் ஸஹாபாக்கள் ஹிஜ்ரத் செய்து கடந்தது இந்தப் பிளவைத்தான். அவர்கள் அடைக்கலம் புகுந்த ஹபஷாவாகிய எத்தியோப்பியாவில், அஃபார் பாலைவனத்தில், 2005 செப்டம்பரில் 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்து, சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. எத்தனை நாளில் தெரியுமா? சில நாட்களில்! ஊரே உறுதியென்று நாம் வீடு கட்டிக் குடியிருக்கும் தரை, உத்தரவு வந்தால் எவ்வளவு நேரத்தில் விலகிவிடும் என்பதற்கு இது போதாதா?

இனிப் பயணத்தின் சட்டத்துக்கு வருவோம். நம் பேருந்தில் ஹனஃபிகளும் இருந்தார்கள், ஷாஃபிஈகளும் இருந்தார்கள். தமிழகத்து மஹல்லாக்களில் இது சகஜமே. 200 கிலோமீட்டர் என்பதால் இரு மத்ஹபின்படியும் கஸ்ருக்குரிய தூரம் தாராளமாக நிறைவேறிவிடுகிறது. ஊர் எல்லையைத் தாண்டிய பின்பே கஸ்ரு தொடங்கும். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்குவது ஹனஃபி மத்ஹபில் கட்டாயம், ஷாஃபிஈ மத்ஹபில் சலுகை. ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபிஈகளுக்குப் பயணத்தில் உண்டு. ஹனஃபிகளுக்கு அது ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபாவில் மட்டுமே. மற்றபடி அவரவர் வக்தில்தான் தொழ வேண்டும். ஊரில் தங்கியிருக்கும் இமாமைப் பின்பற்றினால் இரு மத்ஹபினரும் நான்காகவே பூர்த்தி செய்ய வேண்டும்.

ஷாஃபிஈ சட்ட நூல்களில் ஒரு நுணுக்கம் உண்டு. கஸ்ருக்குப் பயணத்தில் ஏற்கத்தக்க நோக்கம் ஒன்று இருக்க வேண்டும். உடலும் மனமும் இளைப்பாறச் செல்லும் உலாப் பயணம் அத்தகைய நோக்கம்தான் என்றும், வெறுமனே ஊர்களைப் பார்த்துவிட்டு வருவது அவ்வாறன்று என்றும் பிரித்து எழுதியிருக்கின்றனர். எவ்வளவு கூர்மையான பார்வை! படம் பிடித்து மற்றவரிடம் காட்டுவதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர், தம் நிய்யத்து இந்த இரண்டில் எதில் சேரும் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

குளிரைக் காரணம் காட்டி, “தயம்மும் செஞ்சுக்கலாமா ஹஜ்ரத்?” என்று சிலர் கேட்டார்கள். ‘தாத்துஸ் ஸலாஸில்’ படையெடுப்பின்போது கடும் குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், உங்களை நீங்களே கொன்று கொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள திருவசனத்தை ஆதாரமாகக் கொண்டு தயம்மும் செய்து தொழவைத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் விவரம் கேட்டுச் சிரித்தார்களேயன்றி மறுக்கவில்லை. அபூதாவூதில் வரும் செய்தி இது. ஆனால் அங்கே உயிரச்சம் இருந்தது, நீரைச் சூடாக்க வழியில்லை. நாம் தங்கிய விடுதியிலோ குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகிறது! ஒளுச் செய்யத்தான் வேண்டும்.

உயிரைக் காப்பதற்காக மார்க்கம் இத்தனை இடம் கொடுத்திருக்க, அந்த வேலியருகே கண்ட காட்சி நம்மைத் துணுக்குறச் செய்தது. எங்கள் கூட்டத்து இளைஞர் இருவர் வேலியை அளந்து பார்த்துக்கொண்டிருந்தனர். “ஒரு நிமிஷம்தான் ஹஜ்ரத், அந்தப் பக்கம் நின்னு ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுறோம்” என்றார் ஒருவர்.

“தம்பி, உங்க வீட்டுக் கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினது யாரு?”

“எங்க அத்தாதான்.”

“அதுக்கு மேல ஏறி நின்னா என்ன சொல்வாரு?”

அவர் பதில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே விலகினார்.

தடுப்புச் சுவரில்லாத மாடியில் இரவு உறங்குபவரை விட்டும் பொறுப்பு நீங்கிவிட்டது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது. உறங்குகிறவன் புரண்டு விழுவது அவன் அறியாமல் நடப்பது. அதற்கே இந்தக் கண்டிப்பு. விழித்திருந்து, வேலியைப் பார்த்து, எச்சரிக்கைப் பலகையைப் படித்து, அதன் பிறகும் தாண்டுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உங்கள் கைகளாலேயே நீங்கள் அழிவில் விழ வேண்டாம் என்ற பொருள்பட ‘பகரா’வின் 195-வது வசனம் தடுக்கிறது. அது அல்லாஹ்வின் பாதையில் செலவிடாமல் இருப்பதைக் குறித்தே இறங்கியது என்று அபூஅய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்கள் விளக்கியிருப்பது உண்மை. எனினும் சொல்லின் பொதுமையைக் கொண்டு, பயனின்றி உயிரைப் பணயம் வைக்கும் எல்லாவற்றுக்கும் ஆலிம்கள் அதனை ஆதாரம் காட்டியே வந்திருக்கின்றனர்.

2006-ல் கேரளத்தின் மஞ்சும்மல் என்ற ஊரிலிருந்து வந்த நண்பர் கூட்டம் ஒன்று தடையைக் கடந்து உள்ளே சென்றது. அவர்களில் ஒருவர் பிளவுக்குள் விழுந்துவிட்டார். அதற்கு முன் விழுந்தவர்கள் எவரும் உயிருடன் மீளவில்லை என்பதே அங்கு வழங்கி வந்த பேச்சு. காவல்துறையும் தீயணைப்புத் துறையும் வந்து நின்ற பிறகு, நண்பர்களில் ஒருவரே கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த இருளில் இறங்கி, அவரை உயிருடன் மேலே கொண்டு வந்தார். 2024-ல் இச்சம்பவம் மலையாளச் சினிமாவாக வெளிவந்து தமிழ்நாட்டிலும் பெரிதாக ஓடியது. அதன் பின் அந்த இடத்துக்குக் கூட்டம் பெருகியதும், வேலியைத் தாண்டியவர்கள் மீது வனத்துறை நடவடிக்கை எடுத்ததும் செய்தியாயின. இறங்கியவரின் துணிவை மெச்ச வேண்டியவர்கள், விழுந்தவர் நடந்த பாதையைத் தேடிப் போனார்கள்! ஒரு நாய்க்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கிணற்றில் இறங்கி, தோலுறையில் நீரை மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிய மனிதருக்கு அல்லாஹ் பாவம் பொறுத்தான் என்ற ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். நாய்க்காக இறங்கியவருக்கே அந்தக் கூலி என்றால், மனிதனுக்காக இறங்குவது சாமான்யமா? ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்ற ‘மாயிதா’வின் 32-வது வசனத்தின் பொருளும் இங்கே நினைவுக்கு வரட்டும்.

நம் சட்ட நூல்களில் எல்லாப் பிள்ளைகளும் ஓதியிருக்க வேண்டிய ஒரு மஸ்அலா உண்டு. ஒருவர் ஃபர்ளுத் தொழுகையில் நிற்கிறார். எதிரே கண் தெரியாத ஒருவர் கிணற்றை நோக்கி நடந்து வருகிறார். தொழுகிறவர் என்ன செய்ய வேண்டும்? தொழுகையை முறித்துவிட்டு ஓடிப்போய் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். இது கட்டாயம். முறிக்காமல் நின்றால் குற்றவாளி. மார்க்கத்தின் தூண் என்று நாம் சொல்லும் தொழுகையே ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் உயிருக்காக வழிவிடுகிறது! எந்தத் தொழுகையை எந்த வியாபாரத்துக்காகவும் விட அனுமதியில்லையோ, அதையே அல்லாஹ் இந்த உயிருக்காக நிறுத்தச் சொல்கிறான். அப்படிப்பட்ட உயிரை ஒரு புகைப்படத்துக்காக விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறோமே, நமக்கு யார் அந்த அதிகாரத்தைத் தந்தது? பெற்றோர்கள் பயணத்துக்குப் பணம் கொடுக்கும்போதே இந்த மஸ்அலாவையும் சொல்லி அனுப்ப வேண்டும். “பத்திரமாப் போயிட்டு வா” என்றால் பிள்ளைகள் காதில் ஏறுவதில்லை. சட்டமாகச் சொன்னால் ஏறுகிறது. இதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

அன்று ளுஹரையும் அஸரையும் ஊருக்குள்ளிருக்கும் பள்ளிவாசலில் தொழுதோம். பெண்களுக்குத் தனியிடம் வேண்டும் என்பதால் முஸல்லாக்களும் மறைப்புத் துணியும் கையோடு கொண்டு சென்றிருந்தோம். வெளியூர் செல்லும் குடும்பங்கள் புளிச்சோற்று வாளியை மறப்பதில்லை. அதனோடு இவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டுக்குப் பின் அந்த இளைஞர்களே நம் பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள். “ஹஜ்ரத், அதுக்குள்ள விழுந்து, உடம்பையே எடுக்க முடியலேன்னா ஜனாஸாத் தொழுகை எப்படி?” என்று கேட்டார்கள்.

இதற்கும் நம் இமாம்கள் பதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கிணற்றில் விழுந்தோ இடிபாட்டில் சிக்கியோ இறந்த ஒருவரை வெளியே எடுக்கவும் குளிப்பாட்டவும் முடியாமல் போனால், ஷாஃபிஈ மத்ஹபின் உறுதியான சொல்லின்படி அவருக்கு ஜனாஸாத் தொழுகை இல்லை. மய்யித்தைத் தூய்மைப்படுத்துவது அத்தொழுகைக்கு நிபந்தனை என்பதே காரணம். ஹனஃபி மத்ஹபில், தொழுகையின்றி அடக்கப்பட்டவரின் சட்டத்தில் அவரைச் சேர்த்து, அவர் விழுந்து கிடக்கும் அந்த இடத்துக்கே சென்று, உடல் சிதைந்திருக்காது என்று எண்ணக்கூடிய நாட்களுக்குள் தொழலாம் என்கின்றனர். அதாவது அவருடைய தகப்பனாரும் ஜமாஅத்தாரும் அந்த வேலிக்கு வெளியே வந்து ஸஃப்பு கட்டி நிற்க வேண்டியிருக்கும். மேல் விவரங்களை அவரவர் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்க.